கணிப்பொறியில் உயிர்மெய்

தமிழ் கணிப்பொறியேறிய வரலாற்றைச் சென்னையிலிருந்து மட்டும் எழுதப் புகுவோர் பாதிக் கதையையே கூறுவர். அதன் முற்பகுதியிற் பெரும்பங்கு மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் உரியது. தட்டச்சுப் பொறியும் அவ்வாறே. அதனைத் தமிழுக்கு அமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா சென்றவர்.

கிள்ளான் கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன், 1985இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தொடங்கினார். தமிழாசிரியர் இதில் ஊன்றி நோக்கத்தக்கது விசைகளின் வரிசை. தட்டச்சுப் பொறியில் ‘கொ’ என்று அடிக்க முதலிற் கொம்பு, பிறகு ககரம், இறுதியிற் கால் என மூன்றடி வேண்டும். வகுப்பிலோ, க் என்னும் மெய்யோடு ஒ என்னும் உயிர் சேர்ந்தது ‘கொ’ என்கிறோம். செவி கேட்பதொன்று, விரல் செய்வது மற்றொன்று! அஞ்சல் முறையில் மெய்க்குரிய விசையை முன்னும் உயிர்க்குரியதைப் பின்னும் அழுத்தினால், கொம்பையும் காலையும் பொறியே உரிய இடத்தில் இட்டுக்கொள்ளும். மெய்யை அடுத்தே உயிர் ஒலிக்கும் என்ற தொல்காப்பியர் கருத்துக்கு இதுவே இயைந்தது.

ஆங்கில எழுத்தின் வழியாகத் தமிழை உள்ளிடுவதா என்னும் கண்டனமும் எழுந்தது. அது புறக்கணிக்கத்தக்கதன்று, சிறுவர்க்கு முதலிற் பயிற்றுவதற்குத் தமிழ் விசைகளே ஏற்றவை. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ் 99’ அமைப்பு, இதே ஒலிமுறையைத் தமிழ் விசைகளாலேயே நிறைவேற்றியது.

விசையினும் பெரிய சிக்கல் குறியீடு. அக்காலத்து எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. பாதியை ஆங்கிலம் கொண்டது. எஞ்சிய பாதியில் தமிழ் வடிவங்களை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அடுக்கினர். ஓரிதழின் எழுத்துரு இல்லாதவர்க்கு அவ்விதழின் இணையப் பக்கம் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் நா. கோவிந்தசாமி முயற்சியாற் சிங்கப்பூரிலும், 1999இற் சென்னையிலும் அறிஞர் கூடினர். 2001 ஆகஸ்டில் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஆயினும் தமிழ்நாட்டரசின் டாம், டாப் ஒருபுறமும், மின்னஞ்சற் குழுவினர் வகுத்த திஸ்கி மறுபுறமுமாகத் தரங்களே பலவாயின.

ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தது. எனினும் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணிப்பொறி அதனைக் காட்டவியலவில்லை. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனைத் தரமாக ஏற்றது. இடையே, 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்த முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’, கைப்பேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது. ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் குறுஞ்செய்தி ஒருங்குறித் தமிழில் 70 குறியே கொள்ளும்; அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் ஓரிடம் பிடிக்கும்.

இன்று எழுதுவோர்க்கு இத்தொல்லைகள் தெரியா. ஆனால் 1990களில் பழைய எழுத்துருக்களிற் சேமித்த கட்டுரைகளும் வினாத்தாள்களும் மலர்களும் இன்னும் பலர் வீட்டுத் தட்டுகளில் உறங்குகின்றன. உ.வே.சா. தேடிய ஏடுகளையேனும் செல்லரிக்கா முன் எடுத்தால் படிக்கலாயிற்று. இவற்றுக்கோ உரிய எழுத்துருவின் பெயரும் குறியீட்டு அட்டவணையும் கையிலிருத்தல் வேண்டும். அவையிருப்பின் மாற்றிகள் சில நொடியில் ஒருங்குறியாக்கிவிடும். அத்தட்டுகளைப் படிக்கும் பொறிகளோ ஆண்டுதோறும் அருகி வருகின்றன.