கருவி அங்கே, கணக்கு இங்கே

இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று பதிவு செய்தன. கருவி அவர்களுடையது, இதில் நமக்கென்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் பங்கு தேடும் முறையில் இருக்கிறது. லைகோவின் நான்கு கிலோமீட்டர் நீளக் கரத்தில் அந்த அலை உண்டாக்கிய மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் ஒரு சிறு பின்னமே. சேலம்–நாமக்கல் சாலையில் போகும் லாரி தரையில் எழுப்பும் அதிர்வு அதைவிடப் பலகோடி மடங்கு பெரிது. எவ்வளவு தடுத்தாலும் இரைச்சல் மிஞ்சும். ஆகவே, வரக்கூடிய அலையின் வடிவத்தை முன்பே கணித்து, அந்த மாதிரியைத் தரவின் மேல் நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

இந்த உத்தி இரண்டாம் உலகப் போர்க்கால ரேடாரில் பிறந்தது, இந்தியர் கண்டதல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் ரேடார் தான் அனுப்பிய துடிப்பையே தேடுகிறது. அதன் வடிவம் அதற்குத் தெரியும். மோதும் கருந்துளைகளின் நிறையோ நமக்குத் தெரியாது. நிறை மாறினால் அலையின் வடிவமும் மாறும். மாதிரிகளை நெருக்கி அடுக்கினால் கணினி திணறும். விலக்கி அடுக்கினால் அலை இடுக்கில் நழுவிவிடும். எத்தனை மாதிரி, எந்த இடைவெளியில் என்ற இந்தக் கேள்வியைப் புனேயின் அயூகா வானியல் ஆய்வு மையத்தில் இருந்த பி. எஸ். சத்தியப்பிரகாஷும் சஞ்சீவ் துரந்தரும் 1991இல் முறையாக எடுத்து ஆராய்ந்தார்கள். லைகோ கட்டி முடிக்கப்படாத காலம் அது! 1996இல் இயற்பியலாளர் பெஞ்சமின் ஓவன் அதை மேலே கொண்டுபோனார். அலை வடிவத்துக்கான சமன்பாடுகளில் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் இருந்த பாலா ஐயருக்குப் பங்குண்டு. 2015 தேடலில் சுமார் 2,50,000 மாதிரிகள் இருந்தன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முதல் அலையைச் சில நிமிடங்களில் கண்டு சொன்னது, மாதிரியே இல்லாத வேறொரு தேடல். அந்த அலை அத்தனை வலுவாக இருந்தது. ஆனாலும் இரைச்சல் தற்செயலாக அப்படித் தோன்ற 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே வாய்ப்புண்டு என்ற உறுதியைத் தந்தது மாதிரித் தேடல்தான். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த அலை இரைச்சலில் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. மாதிரிகள் இல்லாவிட்டால் அது தப்பியிருக்கும்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ–இந்தியாவை அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லைகோவின் தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சேலத்திலோ நாமக்கல்லிலோ இயற்பியல் படிக்கும் மாணவர்கள் அதை இறக்கிக்கொண்டு இன்றே தேடிப் பார்க்கலாம். கல்லூரிகள் அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கட்டும்.