விலையிலா நூல்கள்

கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடைய நாட்டிலே சிறைப்பட்டிருந்த ஓர் ஆங்கில இளைஞன், பின்னல் தொப்பி ஒன்றை விலையாகக் கொடுத்து ஒரு நூலை வாங்கினான். 1660 ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் தந்தையோடும் கப்பலோட்டிகளோடும் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்பவனே அவன். பிடிபட்டோர் ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பட்டனர். தந்தை காய்ச்சலால் இறந்துபோனார். கையிலே எஞ்சியிருந்தவை இரண்டே சமய நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து ஏறக்குறைய மனனமே செய்துவிட்டான்.

ஒருநாள் அவன் ஓடையொன்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், கூட நின்ற பையனிடம், உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமோ என்று வினவினார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டகன்ற காலத்திலே தம் கைக்கு எட்டிய நூல் ஒன்றை அவர் நெடுநாளாக வைத்திருந்தார். அதனை விற்றுவிடுவது அவர் எண்ணம். கொண்டுவரச் செய்து பார்த்தால், அது ஆங்கில மொழியிலமைந்த விவிலியம்! இருந்த பணம் முழுவதையும் கொடுத்துவிட நொக்ஸ் ஆயத்தமாயிருந்தான். பையன்தான் தடுத்தான். ஈற்றிலே தொப்பியோடு பேரம் முடிந்தது.

நூல் இல்லாத ஊரிலே நூல் ஒன்று கைக்கு வருவது எத்தகையது என்பதை என் மாணவர்க்கு உணர்த்த வேண்டியபோதெல்லாம் இக்கதையையே சொல்லி வருகிறேன். வன்னியிலே ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு அது வெறுங்கதையன்று.

நேயர்களே, நொக்ஸ் 19 ஆண்டுகள் கழித்து, 1679 இல், தோழன் ஒருவனோடு வடதிசை நோக்கித் தப்பி ஓடினான். அநுராதபுரத்துக்கப்பால் அருவியாற்றின் கரையோடு, யானைகள் நடமாடும் அடர்காட்டினூடே நடந்து, மன்னார்க் கடலோரத்து அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் சேர்ந்தான். அவன் எழுதிய இலங்கை வரலாறு 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. கண்டியரசனின் ஆணைக்குட்படாத தமிழ்த் தலைவன் ஒருவனை அந்நூல் குறிப்பிடுகின்றது. அப்பெயரின் ஆங்கில எழுத்துக்களை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் "கொயிலாற் வன்னியா" என்று வரும். அவனே நம் வரலாற்றாசிரியர் கூறும் கயிலை வன்னியன் என்பர். பிற்காலத்து டானியல் டீபோ என்னும் ஆசிரியர் 1720 இல் எழுதிய "கப்டன் சிங்கிள்ற்றன்" என்ற கதையிலே நொக்ஸின் சிறைவாழ்வை எடுத்துச் சேர்த்திருக்கின்றார். வன்னிக்காட்டு விளிம்பிலே நடந்த நடை ஆங்கிலக் கதை இலக்கியத்திலும் தடம் பதித்தது என்று சொன்னால் மிகையாகாது.

நான் பட்டப் படிப்புப் படித்த காலத்தில் இந்நூலின் முழுப் பிரதியைக் கண்ணாற் கண்டதில்லை. வேறு நூல்களில் மேற்கோளாக வந்த சில பந்திகளே கிடைத்தன. இன்றோ பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கும் ஒரு மாணவி கைத்தொலைபேசியிலே ஒரு சதமும் நூல்விலை கொடாமல் அதனை முதலிலிருந்து முடிவுவரை வாசிக்கலாம். இது எவ்வாறு இயன்றது?

1971 ஆம் ஆண்டு ஆடி மாதம் 4 ஆந் திகதி, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து மாணவரான மைக்கல் ஹாட் என்பவர், தமக்குக் கிடைத்த கணினி நேரத்தைப் பயன்படுத்தி அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டெழுதி வைத்தார். அச்சுக்கலையின் முன்னோடியான குட்டன்பேர்க் என்பாரின் பெயரையே தம் முயற்சிக்குச் சூட்டினார். உரிமைக்காலம் கழிந்த நூல்களைத் தொண்டர்கள் எழுத்தாக்க, வேறு தொண்டர்கள் பிழை பார்த்தனர். இன்று அத்தொகுதியிலே 70,000 இற்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. நொக்ஸின் நூலும் அவற்றுள் ஒன்று.

தமிழர் இவ்விடயத்தில் வெகுவாகப் பின்தங்கவில்லை. 1998 தைப்பொங்கலன்று, சுவிற்சலாந்தின் லோசான் நகரிலே இரசாயன அறிஞராயிருந்த கு. கலியாணசுந்தரம் அவர்கள், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன் அவர்களோடு சேர்ந்து "மதுரைத் திட்டம்" என்பதைத் தொடங்கினார். சங்கம் இருந்த ஊரின் பெயரைத் தெரிந்தெடுத்தமை மிகப் பொருத்தமே. அந்நாளிலே தமிழ் எழுத்துரு ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு விதமாயிருந்தது. ஒருவர் எழுதியது மற்றவர் திரையிலே பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். அவ்விடர்ப்பாட்டினிடையே, பல நாடுகளிற் சிதறியிருந்தோர் தொழில் முடிந்த இரவுகளிலே ஊதியமின்றித் தட்டெழுதினர். நாவலர் பெருமானும் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாட்டை நினைந்தால், இவர்களும் அதே மரபினர் என்றே எனக்குப் படுகின்றது.

தமிழ்நாட்டிலே 2001 இல் தோன்றிய இணையப் பல்கலைக்கழகம் (இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம்) மின்னூல்களைப் பெருந்தொகையாகத் தருகின்றது. ஆயினும் நமக்கு மிக அணுக்கமானது 2005 ஆம் ஆண்டுத் தைமாதத்தில் ஈழத்து இளைஞர் சிலர் தொடங்கிய "நூலகம்" என்னும் இணைய நூல்நிலையமே. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் அங்கே பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

அவ்வாறு ஒரு முயற்சி ஈழத்திலே எழுந்ததற்குக் காரணம் கூறத் தேவையில்லை. 1981 ஆம் ஆண்டு வைகாசி 31 ஆம் நாளிரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அப்போது நான் சிறுவன். பெரியோர் அதைப்பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டமை மட்டும் நினைவிருக்கிறது. இங்கே ஒன்றைத் திருத்திச் சொல்லவும் வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலை அன்றோடு உலகினின்றே மறைந்தது எனச் சிலர் எழுதுகின்றனர். அது தவறு. அந்நூலைப் பிறிற்றோ என்பார் 1879 இலேயே ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். தமிழிலும் அது அச்சேறியிருந்தது. ஒரு நூல் பல கைகளிற் பரவியிருப்பின் ஓரிடத்துத் தீ அதனை அழிக்க மாட்டாது. பரவாமலே போனவைதாம் உண்மையிற் போயின.

வன்னியிலே நிகழ்ந்தது வேறு வகை. இங்கே ஒரே இரவில் ஒரே கட்டடம் எரியவில்லை. இடம்பெயர்வு தோறும் சிறிது சிறிதாக நூல்கள் கைவிடப்பட்டன. உழவு இயந்திரப் பெட்டியிலே அரிசிக்கும் பாய்க்கும் இடம் தேடுகையில் புத்தகத்துக்கு எவர் இடம் கொடுப்பார்? நான் இளம் ஆசிரியனாயிருந்தபோது, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இரவல் பெற்று, குளங்கள், ஊர்ப்பெயர்கள், பயிர்ச்செய்கை பற்றிய பகுதிகளை இரண்டு சீ.ஆர். கொப்பிகளில் எழுதி வைத்தேன். 2009 இன் தொடக்க மாதங்களிலே அவ்விரண்டும் போயின. அந்த ஆசிரியரும் இப்போது இல்லை. மீள்குடியேறிப் பாடசாலைக்குத் திரும்பியபோது நூல்நிலைய அறையிலே இரும்பு அலுமாரியின் கதவு ஒன்று மாத்திரம் கிடந்தது.

சில ஆண்டுகளின்பின், பல்கலைக்கழகஞ் சென்ற பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்து, "சேர், நீங்கள் சொல்லுகிற புத்தகம் இதுதானே?" என்று மடிக்கணினியை என்முன் வைத்தான். லூயிஸின் நூல், அட்டை முதலாக. நான் முதலிலே தேடியது, முன்னொருகால் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதியெடுத்த ஒரு பக்கத்தை. இருந்தது. அவன் முன்னிலையிலே வேறொன்றும் பேச முடியவில்லை. தேநீர் கொண்டுவரச் சொன்னேன்.

விலையின்றிக் கிடைப்பன எல்லாம் உரிமையோடு கிடைப்பன அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பொதுவிதி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் கழிந்தபின்னரே நூல் பொதுவுடைமையாகும் என்பது. இந்தியாவிலே அது 60 ஆண்டுகள். 1947 இல் மறைந்த விபுலாநந்த அடிகளின் ஆக்கங்கள் இங்கே அவ்வெல்லையைக் கடந்துவிட்டன. 1954 மார்கழியில் மறைந்த கல்கியின் எழுத்தும் அவ்வாறே. காலம் கழியுமுன்னரே பொதுவாக்கப்பட்டனவும் உண்டு. பாரதியாரின் பாடல்களுக்கான உரிமையை 1949 இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கென விட்டமை யாவரும் அறிந்ததே. வாழும் எழுத்தாளரின் நூலை அவர் அறியாமற் படியெடுத்துத் தொலைபேசிக்குத் தொலைபேசி அனுப்புதல் வேறு; நம் ஆசிரியர்கள் சிலரே அதனைச் செய்கின்றனர். ஈழத்து எழுத்தாளன் நூறு பிரதி விற்பதற்கே படும் பாட்டை அறிந்தவர்கள் அதனைச் செய்யலாகாது.

இனி, ஒலிநூல். 2005 ஆம் ஆண்டு ஆவணியில், கனடாவின் மொன்றியல் நகரிலே ஹியூ மக்குவயர் என்பவர் தொடங்கிய "லிப்ரிவொக்ஸ்" என்ற முயற்சியிலே, தொண்டர்கள் பொதுவுடைமை நூல்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்து இலவசமாக வழங்குகின்றனர். வானொலி கேட்போருக்கு இது புதுமையாகத் தோன்றாது. நம் கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறுகையில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்ல, எழுத்தறியாத கிழவியும் சூரபன்மனின் வாதத்துக்கு விடை சொல்லக்கூடியவளாயிருந்தாள் அல்லவா? ஆங்கில ஒலிநூல்களோடு ஒப்பிட்டால் தமிழில் உள்ளவை மிகச் சிலவே. குரல்வளமும் உச்சரிப்புத் திருத்தமும் உடைய பழைய ஆசிரியர்கள் ஊர்தோறும் இருக்க, இக்குறை ஏன் இருத்தல் வேண்டும்? கண்பார்வை குன்றிய ஓய்வூதியர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் விடை கூறவில்லை.

எங்கள் பாடசாலையிலே செய்வது எளியது. இணைய இணைப்பு அடிக்கடி தளர்வதனால், கிடைக்கும் நாளில் நூல்களை இறக்கி ஒரு கணினியிலே சேர்த்து வைக்கிறோம். ஒருமுறை இறக்கிய நூலுக்குப் பின்னர் இணையம் வேண்டியதில்லை. மாணவர் சிறு நினைவுக் கோலிலே அதனைக் கொண்டு செல்வர். மதுரைத் திட்டத்து நூல்கள் எழுத்துக்களாக இருப்பதனால் சிறிய தொலைபேசியிலும் எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கலாம். வேண்டிய சொல்லைத் தேடலாம். படம்பிடித்த பக்கங்களோ பெரிய திரைக்கே ஏற்றவை, ஆனால் பழைய அச்சின் தோற்றத்தை அவ்வாறே காட்டுவன. மாணவர் முதலில் விரும்பி எடுப்பது எதுவென்று நினைக்கிறீர்கள்? இலக்கணமன்று. பழைய பாடசாலை மலர்கள். தம் அப்பாவின் பெயர் உதைபந்தாட்டக் குழுவில் உளதோ என்று தேடுகிறார்கள். அதனூடாக வந்தவர்கள் சிலர் பின்னர் நொக்ஸிடமும் செல்கிறார்கள்.

எஞ்சியிருப்பது அச்சேறாதது. முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் வீடுகளிற் கையெழுத்துக் கொப்பிகள் இன்னும் சில உள்ளன. அவற்றுள் ஒன்றைக் குடும்பத்தார் பொலித்தீனிற் சுற்றி, எல்லா இடப்பெயர்விலும் அரிசிச் சாக்கினுள் வைத்துக் காத்தனர். படம்பிடிக்கக் கேட்டுச் சென்றபோது மூத்த மகன் இணங்கவில்லை. அம்மன் முன்னிலையிற் பாடுவதைக் கண்டவர் கையில் விடலாகாது என்பது அவர் கட்சி. அதிலும் நியாயமில்லாமலில்லை. மூன்றாம் முறை சென்றபோது, கொப்பி வீட்டைவிட்டு வெளியே செல்லாது, தாம் அருகில் இருப்பார், படங்களின் ஒரு பிரதி தம்மிடம் தரப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இசைந்தார். முற்றத்து வேம்பின் கீழ் மேசை போட்டு, உயர்தர வகுப்பு மாணவியர் இருவர் பக்கம் புரட்ட, இதுவரை பாதி முடிந்திருக்கிறது. மை கரைந்த பக்கங்களை அவர் மனனமாகப் பாட, ஒரு மாணவி அதையும் பதிவு செய்கிறாள். மிகுதியைச் சித்திரை விடுமுறையிலே செய்வதாக உள்ளோம்.