இழப்பை ஏற்றல், பழியை மறுத்தல்: டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஆத்தூர் மண்ணும்

துன்பம் வந்த மனிதரை நிமிர்த்தி நிறுத்தும் நம்பிக்கை எது? "எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஒரு நம்பிக்கை. "எல்லாம் தலையெழுத்து" என்பது இன்னொன்று. இரண்டும் நம் பேச்சில் அன்றாடம் புழங்குபவை. முன்னது நாளைய நாளைக் காட்டி இன்றைய வலியை மறக்கச் சொல்கிறது. பின்னது கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று உண்டு. "என் நிலை இது, இதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. இந்த நிலையில் இருந்தபடியே நான் செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது" என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும் நம்பிக்கை அது. தன்னை ஏற்றுக்கொள்வதும் இடரைக் கடப்பதும் இந்த மூன்றாவது நம்பிக்கையில்தான் ஒன்று சேர்கின்றன. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் பகுதியின் ஆத்தூர் வட்டத்தில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையாரின் வாழ்க்கையே அச்சான்று.

வள்ளுவர் வைத்த வரிசை

நம் மரபு இந்தச் சிந்தனைக்குப் புதியதன்று. திருக்குறளின் அதிகார அடைவைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஊழ் என்னும் 38ஆம் அதிகாரம் அறத்துப்பாலின் முடிவில் நிற்கிறது. துன்பத்தில் கலங்காமையைச் சொல்லும் இடுக்கண் அழியாமையோ பொருட்பாலில் 63ஆவதாக வருகிறது. அதற்கு முன்னே 60ஆவது ஊக்கமுடைமை, 61ஆவது மடியின்மை, 62ஆவது ஆள்வினையுடைமை. ஊக்கத்தைச் சொல்லி, சோம்பலை விலக்கி, முயற்சியை நிலைநாட்டிய பிறகே துன்பம் தாங்குவதைப் பேச வருகிறார் வள்ளுவர். கலங்காமை என்பது உழைக்க முனைந்தவனுக்குத் தேவைப்படும் குணம் என்பது இந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. உட்கார்ந்திருப்பவனின் பொறுமை அந்த அதிகாரத்துக்கு உரியதன்று.

வைணவ மரபு இதையே வேறொரு வழியில் அணுகியது. சரணாகதிக்கு அந்த மரபினர் கூறும் அங்கங்களில் கார்ப்பண்யம் ஒன்று, மகாவிசுவாசம் மற்றொன்று. தன் இயலாமையை மூடி மறைக்காமல் உணர்தல் கார்ப்பண்யம். காக்கப்படுவோம் என்ற அசையாத உறுதி மகாவிசுவாசம். தன் குறையை ஒப்புக்கொள்ளுதலும் உறுதியோடு நிற்றலும் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஒரே நெஞ்சில் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. சௌந்தரம் பிறந்தது அத்தகைய வைணவக் குடும்பத்தில்.

கைம்மை என்னும் சுமை

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904இல் பிறந்தார் சௌந்தரம். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே அவருக்கு மணம் நடந்தது. கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். இளமையிலேயே அவர் காலமானார். தம் மறைவுக்குப் பின் மனைவி படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று இறப்பதற்கு முன் அவர் கேட்டுக்கொண்டதாகச் சௌந்தரத்தின் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

அன்றைய உயர்சாதிக் குடும்பங்களில் இளம் கைம்பெண்ணின் நிலை என்னவென்று இன்றைய தலைமுறைக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். பல வீடுகளில் தலையை மழித்தார்கள். பூவும் பொட்டும் போயின. நிறப் புடவை போனது. ஒருவேளை உணவு, உள்ளறை வாசம், திருமண வீட்டில் கண்ணில் படாமல் ஒதுங்கியிருத்தல் என்று வாழ்வு சுருங்கியது. வெளியே புறப்படுகிறவர் எதிரே அவள் வந்துவிட்டால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். 1856இலேயே கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் அனுமதித்துவிட்டது. ஆனாலும் சட்டம் ஏட்டில் இருந்தது, வழக்கம் வீட்டில் இருந்தது.

இந்தக் கட்டுப்பாடுகளைக் காட்டிலும் கொடியது ஒன்று இருந்தது. தன் பாவமே கணவனைக் கொண்டுபோனது என்று அந்தப் பெண்ணையே நம்ப வைத்ததுதான் அது. ஊரார் சொன்ன சொல் நாளடைவில் அவளுடைய சொந்த நம்பிக்கை ஆகிவிட்டது. தனிமனித நம்பிக்கைகளைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கைகள் பலவும் அவராகத் தேர்ந்தவை அல்ல, பிறர் சுமத்தியவை.

ஆகவே தன்னை ஏற்றுக்கொள்வது என்பதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. இழப்பை ஏற்றல் ஒன்று. அந்த இழப்போடு ஒட்டவைக்கப்பட்ட பழியை மறுத்தல் மற்றொன்று. இழப்பை ஏற்காதவர் கடந்த காலத்திலேயே தங்கிவிடுவார். பழியையும் சேர்த்து ஏற்றவர் தம்மையே தண்டித்துக்கொண்டிருப்பார். இரண்டையும் பிரித்தறிந்தவருக்கே வழி திறக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

சௌந்தரம் இரண்டையும் பிரித்தார். பெற்றோர் ஆதரவோடு படிப்பைத் தொடர்ந்து, தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936இல், தம் 32ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். உடன் படித்த சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் அறிமுகமும் கிடைத்தது. கணவரின் தொழிலையே தம் தொழிலாகவும் கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நினைவை அழித்துவிட்டுப் புதிய வாழ்வு தொடங்க அவர் முனையவில்லை. இறந்தவர் விட்டுச்சென்ற பணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஓராண்டுச் சோதனை

அரிசன சேவைப் பணியில் சௌந்தரம் ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர் அவர், சாந்திநிகேதனில் பயின்றவர், காந்தியடிகளின் நெருங்கிய தொண்டர். இருவரும் மணந்துகொள்ள விரும்பினர். கைம்பெண் மறுமணம், வேற்றுச் சாதி, வேற்று மொழி என்று மூன்று தடைகள் ஒன்றாகக் குறுக்கே நின்றன. குடும்பத்தார் இசையவில்லை.

காந்தியடிகள் உடனே ஆசி வழங்கிவிடவில்லை. ஓராண்டுக் காலம் இருவரும் சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் பிரிந்திருக்க வேண்டும், அதன் பிறகும் மனம் மாறாமல் இருந்தால் பார்க்கலாம் என்றார். நம்பிக்கையைப் பற்றி எழுதும் எவரும் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். உலகத்தை எதிர்த்து ஒரு முடிவு எடுக்கும்போது, அந்த முடிவில் எவ்வளவு உறுதி, எவ்வளவு வீம்பு என்று எடுத்தவருக்கே தெரிவதில்லை. எதிர்ப்பு இருப்பதாலேயே பிடிவாதம் வளர்வதும் உண்டு. துணையின் ஊக்கமும் இல்லாமல், கடிதத்தின் ஆறுதலும் இல்லாமல், தனியே ஓராண்டு தாங்கிய முடிவு வீம்பாக இருக்க முடியாது. அந்த ஓராண்டு முடிந்தும் இருவர் மனமும் மாறவில்லை.

1940 நவம்பர் 7 அன்று சேவாகிராமத்தில் திருமணம் நடந்தது. காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த புடவை மணமகளுக்கு. கஸ்தூரிபா நூற்ற நூலில் நெய்த வேட்டி மணமகனுக்கு. புதுப்புடவை உடுத்தக் கூடாது என்று ஊர் விலக்கிவைத்த ஒரு பெண்ணுக்கு, நாடே மகாத்மா என்று போற்றியவர் நூற்ற புடவை மணக்கூறையாயிற்று. பழியை மறுப்பது தனி ஒருவரின் மனத்துணிவால் மட்டும் நிறைவேறுவதில்லை. "உன்மேல் குற்றமில்லை" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லும் ஒருவர் வேண்டும். அந்தப் புடவை அப்படிச் சொன்னது.

ஆத்தூர் வட்டாரத்தில் ஊன்றிய பணி

கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பைச் சௌந்தரத்திடம் ஒப்படைத்தார் காந்தியடிகள். கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டாற்றக் கிராமசேவிகைகளைப் பயிற்றுவிப்பது அதன் பணி. 1947இல் காந்திகிராமம் பிறந்தது. நெசவுத் தறிகளின் ஓசை நிறைந்த சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு ஒரு மகப்பேற்று விடுதி தொடங்கிற்று. பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்து நிற்கும் கஸ்தூரிபா மருத்துவமனைக்கு அதுவே வித்து. கைவிடப்பட்ட குழந்தைகளுக்குச் சௌபாக்கியா இல்லம் எழுந்தது. 1956இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ராமச்சந்திரன் அதன் முதல் துணைவேந்தரானார்.

1952 பொதுத்தேர்தலில் ஆத்தூர்த் தொகுதி மக்கள் சௌந்தரத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1957இல் வேடசந்தூர் அனுப்பியது. 1962இல் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருதும் வந்தது. 1967 தேர்தலில் தோற்றார். தோல்விக்குப் பிறகும் திரும்பி வர அவருக்கு ஓர் இடம் இருந்தது, செய்ய வேலை இருந்தது. 1984இல் மறையும்வரை காந்திகிராமமே அவர் வாழ்வாக இருந்தது. பதவியை நம்பி வாழ்ந்தவருக்குப் பதவி போனதும் எல்லாம் போய்விடும். பணியை நம்பி வாழ்ந்தவருக்குப் பதவி ஒரு வழிப்போக்கு.

பணி தரும் இந்த வலிமையைப் பற்றி எழுதியவர் ஒருவர் உண்டு. சௌந்தரம் பிறந்த அடுத்த ஆண்டில், 1905இல், வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் அவர். நாஜிகளின் வதைமுகாம்களில் தாயையும் மனைவியையும் இழந்து மீண்டவர். தமக்காக ஒரு பணியோ ஓர் உயிரோ காத்திருக்கிறது என்ற எண்ணம் உடையவர்கள் அந்த நரகத்தையும் தாங்கும் வலிமை பெற்றார்கள் என்று அவர் தம் அனுபவத்திலிருந்து எழுதினார். வியன்னா மருத்துவர் எழுதி உணர்த்தியதை ஆத்தூர் வட்டாரம் கண்ணெதிரே கண்டது. தமிழகத்தில் இந்த வழியில் முன்னே நடந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. பால்ய விதவையான அவர் 1911இல் பட்டம் பெற்றார். சென்னையில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்துக் கல்வி தந்தார். தம் காயத்தைப் பிறர்க்கு மருந்தாக்கியவர்கள் இவர்கள்.

நம்பிக்கைக்கும் துணை வேண்டும்

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழ வேண்டும். சௌந்தரம் செல்வர் வீட்டுப் பெண். படிக்க வைக்கத் தந்தைக்கு வசதி இருந்தது. "படி" என்று சொல்லிவிட்டுப் போன கணவர் வாய்த்தார். காந்தியடிகளின் நிழல் கிடைத்தது. இவை எதுவும் வாய்க்காத ஏழைக் கைம்பெண்ணிடம் போய் "நம்பிக்கை வை" என்று சொன்னால் போதுமா?

போதாது. வெறுங்கையோடு போய் நம்பிக்கையைப் போதிப்பது இரக்கமில்லாத செயல். மனஉறுதிக்குப் பின்னால் கல்வி, வருவாய், மருத்துவம், ஒரு நல்ல சொல் ஆகியவை இருந்தாக வேண்டும். இதை எல்லோரையும்விட நன்கு உணர்ந்தவர் சௌந்தரமே. தமக்குப் பிறப்பால் திறந்த கதவு பிறருக்கும் திறக்க வேண்டும் என்றுதான் காந்திகிராமத்தை எழுப்பினார். எழுதப் படிக்கத் தெரிந்த ஆதரவற்ற பெண் அங்கே பயிற்சி பெற்று, கிராமசேவிகையாக ஊருக்குள் வந்தபோது, அவளை "பாவம்" என்று பார்த்த அதே ஊர் பிரசவத்துக்கு அவளைத் தேடி வந்தது. தன்னைப் பற்றிய அவள் எண்ணம் மாறியதற்கு அறிவுரை காரணமன்று. அவள் கையில் இருந்த தொழிலே காரணம்.

துயரம் நோயாக முற்றுவதும் உண்டு. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, உயிர் வாழும் விருப்பமே அற்றுப்போகும் நிலையில் தெய்வ நம்பிக்கையோடு மருத்துவமும் வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது மனவலிமைக் குறைவு ஆகாது.

ஆத்தூர் வாசகர்களுக்கு

இம்மலரைப் படிக்கும் ஆத்தூர், செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், சின்னாளபட்டி மக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு.

உங்கள் தெருவில் கணவரை இழந்த பெண் ஒருவர் இருப்பார். ஆதரவற்ற விதவையருக்கான மாத உதவித்தொகைக்கும், டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான விதவை மறுமண உதவித் திட்டத்துக்கும் அவர் தகுதியுடையவரா என்று விசாரியுங்கள். மனு எழுதத் தெரியாதவராக இருந்தால் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உடன் செல்லுங்கள். இழப்பை அவர் ஏற்றுக்கொள்வதற்கு இந்த உதவி ஊன்றுகோலாகும்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் திருமணம் நடக்கும்போது, கணவரை இழந்த தாயை, அத்தையை, அக்காவை மணமேடைக்கு அழையுங்கள். தாலியை ஆசீர்வதிக்கச் சொல்லி முதலில் அவர் கையில் கொடுங்கள். அட்சதையை முதலில் அவர் தூவட்டும். யாராவது முகம் சுளித்தால், கைம்மையைக் கடந்து மறுமணம் செய்துகொண்ட ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மண் இது என்று சொல்லுங்கள்.