செந்தலைக் கரும்புள் இரண்டு

சங்கச் சான்றோர் பாடல்களில் புட்கள் வெறும் அணியாக வருவன அல்ல. அவற்றின் நிறம், குரல், கூடு, இரை, இணைவாழ்வு ஆகியன பாட்டின் பொருளோடு இயைத்துக் கூறப்படுகின்றன. அங்ஙனம் கூறப்பட்ட புட்களுள், மேனி கருத்துத் தலை சிவந்தவை என்று இக்காலப் பறவையியலோடு ஒப்பிட்டுத் துணியத்தக்கன இரண்டு. ஒன்று அன்றில், மற்றொன்று எருவை.

இவ்விரண்டின் வரலாறும் தம்முள் மாறுபட்டது. அன்றிற்புள் இன்றும் வாழ்கின்றது. ஆயின் அஃது இன்னதென்னும் அறிவு மக்களிடை மறைந்து, அது கற்பனைப் பறவையாகக் கருதப்படும் நிலை வந்துளது. எருவை என்னும் சொல் அகராதியில் வாழ்கின்றது. ஆயின் அச்சொல் குறித்த புள் நாட்டினின்றும் மறைந்து வருகின்றது. இவ்விரு மறைவும் பழம்பாடல்களின் பொருளுணர்ச்சியை எங்ஙனம் தாக்குகின்றன என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இவ்வாராய்ச்சிக்குக் குடவாயில் தக்கதொரு தோற்றுவாய் ஆகும். இன்று குடவாசல் என வழங்கித் திருவாரூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், குடவாயிற் கீரத்தனார் என்னும் புலவரின் பெயரால் தொகைநூல்களில் நிலைபெற்றது. அகநானூற்றின் 44ஆம் பாட்டில் அவர் தம் ஊரைப் பழநெல் வளமும் காவற்காடும் உடையதாகப் பாடினார். நெல்வயல் சூழ்ந்த ஊரினராயினும், பாலை பாடுங்கால் அவர் புட்களைப் பொதுப்படக் கூறி அமைந்தாரல்லர். நற்றிணை 212ஆம் பாட்டில், வேட்டுவன் விரித்த வலைக்கு அஞ்சிய கணந்துள் பறவையின் நெடிய காலையும் தெளிந்த குரலையும் குறித்தார். அகநானூறு 79ஆம் பாட்டில் பருந்தின் பேடையை அதன் வளைந்த வாயோடு காட்டினார். ஒரு புள்ளைக் கூறின் அதன் வேறுபாடு தோன்றக் கூறுதல் அக்காலப் புலவரின் மரபு என்பதற்கு இவர் பாடல்களே சான்றாம். இம்மரபை மனத்திற்கொண்டே அன்றிலையும் எருவையையும் நோக்குதல் வேண்டும்.

கருமேனியும் செந்தலையும் உடைய புட்கள் தமிழகத்திற்கே உரியன அல்ல. அமெரிக்கக் கண்டங்களில் பிணந்தின்னும் வான்கோழிக் கழுகும், தென்னாப்பிரிக்காவில் உச்சி சிவந்த அரிவாள்மூக்கன் ஒன்றும் அத்தகையன. ஐரோப்பிய ஆசியக் காடுகளில் வாழும் கரிய மரங்கொத்திக்கும் உச்சி சிவப்பே. ஆயின் மரங்கொத்தியின் சிவப்பு இறகின் சிவப்பு. முன்னர்க் கூறிய இரண்டின் சிவப்போ இறகற்ற தோலின் சிவப்பு. அன்றிலும் எருவையும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தன.

முதற்கண் அன்றிலைக் காண்போம். குறுந்தொகை 160ஆம் பாட்டு அதன் தலையை நெருப்பிற்கும், பேடையின் வளைந்த அலகை இறவுக்கும் ஒப்பிடுகின்றது. இறவு என்பது இறால் மீன். நுனி கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகிற்கு இதனினும் பொருந்திய உவமை காண்டல் அரிது. காவிரிப் படுகை உழவர், வயலில் இரை தேரும் இவ்வினப் பறவைகளை அரிவாள்மூக்கன் என்பர். கடற்கரை வாழ்வார் கண்ணிற்கு இறவாகத் தோன்றிய அலகு, கதிர் அறுப்பார் கண்ணிற்கு அரிவாளாகத் தோன்றியது. உவமை இரண்டு; அலகு ஒன்றே.

இப்படுகையின் வயல்களில் பெரிதும் காணப்படுவது வெள்ளை அரிவாள்மூக்கன். அதன் மேனி வெள்ளை, தலை கருப்பு. அன்றிலுக்கு அது முற்றும் மாறானது. கறுப்பு அரிவாள்மூக்கன் என்னும் மற்றோர் இனமே ஈண்டுக் கருதத்தக்கது. அதன் மேனி கருமை கலந்தது. தோளில் வெண்திட்டு ஒன்று உண்டு. இறகற்ற கரிய தலையின் உச்சியிலும் பிடரியிலும் செந்நிறப் பருக்கள் செறிந்திருக்கும். நெருப்பு என்னும் உவமை இச்செம்மையையே குறித்ததாதல் வேண்டும்.

கூடும் இம்முடிபிற்குத் துணை செய்கின்றது. நற்றிணை 303ஆம் பாட்டு, ஊர்மன்றத்துப் பனையின் மடலில் இணையாக வாழும் அன்றிலைக் கூறும். குறுந்தொகை 301ஆம் பாட்டு, பனையில் சிறுகோல்களால் கட்டிய அதன் கூட்டையும், சூல்கொண்ட பேடை நள்ளிரவிற் கூவுவதையும் கூறும். பிற அரிவாள்மூக்கன்கள் நீர்நிலை மரங்களில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவன. கறுப்பு அரிவாள்மூக்கனோ பெரும்பாலும் தனி இணையாகவோ சிறு தொகுதியாகவோ பனை முதலிய உயர்மரங்களில் குச்சிகளால் கூடு அமைப்பது. அதன் குரல் உரத்தது; கேட்பாரைத் திடுக்கிடச் செய்வது. பிரிந்த தலைவி உறங்காத இரவிற்கு அக்குரலைப் புலவர் தேர்ந்தது காரணமின்றி அன்று.

இதற்கு ஒரு தடை எழலாம். குறுந்தொகை 301 அன்றிலைக் கருங்கால் உடையது என்று கூறுகின்றது. கறுப்பு அரிவாள்மூக்கனின் காலோ செங்கல் நிறத்தது. இத்தடைக்கு விடை இருவகையிற் கூறலாம். கரு என்னும் அடை நிறத்தையே அன்றி வன்மையையும் குறிக்கும். கீரத்தனாரே அகநானூறு 79இல் பாறையை உடைத்துக் கிணறு தோண்டும் ஆடவரைக் கருங்கை உடையர் என்றார். ஆண்டுக் கருங்கை என்பது உழைத்து வலிமை பெற்ற கை எனக் கொள்ளுதலே சிறப்பு. அன்றி, அன்றில் என்னும் பெயர் உருவத்தால் ஒத்த பிற அரிவாள்மூக்கனுக்கும் ஒரோவழி வழங்கியிருத்தல் கூடும். எவ்வாறாயினும், செந்தலையும் வளைந்த அலகும் பனைமடற் கூடும் ஒருங்கே பொருந்துவது கறுப்பு அரிவாள்மூக்கன் ஒன்றற்கே என்பது துணிபு.

இங்ஙனம் கண்கூடாக அறியப்பட்ட புள் பிற்காலத்தே எவ்வாறு மறைந்தது? பறவையின் இணைவாழ்வு ஒன்றே எஞ்ச, தலையும் அலகும் கூடும் நினைவினின்றும் நீங்கின. வடமொழிக் கிரவுஞ்சத்தோடு அன்றிலை ஒன்றுபடுத்திக் கூறும் வழக்கும் எழுந்தது. துணை இறந்தால் தானும் உடன் இறக்கும் என்னும் கதை பெருகியது. இன்று மாணாக்கரிடம் அன்றில் யாதென வினவின், காதலுக்குப் புலவர் படைத்துக்கொண்ட பறவை என்பார் பலர். நெருப்பும் இறவும் காட்டி எழுதிய புலவரின் நேர்க்காட்சி, கற்பனை என்னும் பெயர் பெற்றது.

இத்தகைய தீங்கு தமிழ்நூல்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அன்றிலின் இனத்தைச் சார்ந்த மற்றொரு செந்தலைக் கரும்புள்ளுக்கு ஐரோப்பாவிலும் அது நேர்ந்தது. மேனி முழுதும் கருமையும், இறகற்ற செந்தலையும், வளைந்த செவ்வலகும் உடைய அப்புள்ளைப் பண்டை எகிப்தியர் தம் சித்திர எழுத்துக்களுள் ஒன்றாகவே அமைத்திருந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் கொன்ராடு கெசுனர், 1555இல் வெளியிட்ட பறவை நூலில் அதனைப் படத்தோடு விளக்கினார். 17ஆம் நூற்றாண்டில் நடு ஐரோப்பாவில் அவ்வினம் அழிந்தொழிந்தது. பறவை மறைந்த பின்னர், கெசுனரின் விளக்கம் கட்டுக்கதை என்று ஐயுறப்பட்டது. மேலையாசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் பறவையே அவர் கூறியது என 1897இல் பறவையியலார் மெய்ப்பித்த பின்னரே அவர் சொல் ஏற்றம் பெற்றது. நம் நாட்டில் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய 1894ஆம் ஆண்டிற்கு மூன்றாண்டு பிற்பட்டது இந்நிகழ்ச்சி. ஆண்டுகளின் அணிமை தற்செயலே. ஆயினும் இரண்டும் மறந்த உண்மையை மீட்ட செயல்களே. பொருள் மறையின் அதனைக் கண்டு எழுதியவரின் வாய்மையும் உடன் மறையும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

இனி, எருவைக்கு வருவோம். அகநானூற்றின் 3ஆம் பாட்டில் எருவை செவி சிவந்த பறவையாகக் கூறப்படுகின்றது. ஓமை மரத்தின் பெருங்கிளையில் குஞ்சு ஈன்று காவல் பூண்ட பேடைக்கு இரை தேடிச் சேவல் புறப்படுகின்றது. புலி மரையாவைக் கொன்று உண்டு விட்டுச் சென்ற எச்சத்தைக் கொள்ளையர் போலக் கவர்கின்றது. புறநானூறு 64ஆம் பாட்டு, போர்க்களத்து ஊனைக் கவரும் எருவையைக் காட்டும்.

பறவைக்குச் செவி வெளியே புலனாதல் இல்லை. அங்ஙனமாகச் செவி சிவந்தது என்றல் எற்றிற்கு? விடை அப்புள்ளின் உருவிலேயே உளது. செம்முகப் பாறு என இக்காலத்தார் வழங்கும் கழுகினத்தின் தலையும் கழுத்தும் இறகற்றுச் சிவந்திருக்கும். செவிப்புறத்தின் கீழே இருமருங்கும் செந்தோல் மடல்கள் தொங்கும். பார்ப்பார்க்கு அவை செவியாகவே தோன்றும். தமிழகத்துப் பாறுகளுள் வேறெதற்கும் இம்மடல் இல்லை. மேனியோ கருமை. மேலும் அது பெருங்கூட்டமாக வாழாது இணையாக வாழ்வது. மரத்தில் கூடு கட்டி ஒரு முட்டையே இட்டு, சேவலும் பேடையும் கூடிக் காப்பது. ஓமை மரத்துக் கூடும் இரை தேடும் சேவலும் இயற்கைக்கு இம்மியும் மாறுபடவில்லை.

இவ்வளவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி எருவைக்குத் தரும் பொருள்களுள் ஒன்று, தலை வெளுத்து உடல் சிவந்த பருந்து என்பதாம். இவ்வுருவம் கருடன் எனப்படும் செம்பருந்திற்கே உரியது. தலை சிவந்து உடல் கருத்த புள், தலை வெளுத்து உடல் சிவந்த புள்ளாக மாறியது எங்ஙனம்? ஏரியும் ஆறும் சூழ்ந்த ஊர்களில் நாடோறும் காணப்படுவது செம்பருந்து. குடவாயிற் கோணேசர் கோயிலின் தலவரலாறும் கருடனையே பேசும். மலைச்சாரலும் பாலையும் உறையும் எருவையைக் காணாதார், தாம் கண்ட பறவையை அச்சொல்லிற்கு உரியதாக்கினர் எனக் கருத இடனுண்டு. அதே அகராதி எருவைக்குக் குருதி, செம்பு என்னும் பொருள்களையும் தருகின்றது. செம்மைப் பண்பு அப்பெயரோடு இயைந்தது என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பாகலாம்.

இப்புள் மேலைநாட்டு அறிவியலுக்கு அறிமுகமானதும் தமிழ்க் கடற்கரையினின்றே என்பது அறியத்தக்கது. பிரெஞ்சு நாட்டுச் சொன்னரா, 1782இல் வெளியிட்ட தம் பயணநூலில் இதனைப் புதுச்சேரியின் அரசக் கழுகு என விளக்கினார். அதனை அடியாகக் கொண்டு 1786இல் இசுகோபோலி இதற்கு வழுக்கைத் தலையைக் குறிக்கும் இலத்தீன் பெயரிட்டார். எனவே, 18ஆம் நூற்றாண்டில் இது சோழமண்டலக் கரையில் அறியப்பட்ட பறவையாம்.

இன்று அந்நிலை இல்லை. 1990ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் பாறுகள் பேரளவில் மடியத் தொடங்கின. வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதிற்கும் மேலாகக் குறைந்தன. கால்நடைகளுக்கு வலி நீக்கத் தரும் டைக்குளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்பது 2004இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. மருந்து உடலில் இருக்க இறந்த மாட்டைத் தின்ற பாறு, சிறுநீரகம் கெட்டு இறக்கும். 2006இல் இந்திய அரசு கால்நடைக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. செம்முகப் பாறும் விரைந்து குறைந்தமையின், 2007இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் இதன் எஞ்சிய உறைவிடம் முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆண்டு இன்றும் புலி கொன்ற விலங்கின் எச்சத்தில் அது இரை கொள்கின்றது. அகநானூற்றுக் காட்சி முழுமையாக நிகழும் இடம் இன்று தமிழகத்தில் அவ்வொன்றே எனலாம்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. அன்றிலின் நெருப்பன்ன தலையும் எருவையின் செஞ்செவியும் புலவர் புனைந்துரை அல்ல, கண்டு உரைத்தவை. அவற்றைப் புனைந்துரையாக்கியவர் காணாத நாம். அன்றிலுக்கு நேர்ந்த தவற்றைத் திருத்த இன்னும் வழி உண்டு. பனையும் தரிசும் உள்ள இடத்தில் அப்புள்ளை மாணாக்கர்க்குக் காட்டலாம். எருவைக்கு அவ்வழி நெடுநாள் திறந்திராது. மோயாற்றுப் பாறும் மறையுமாயின், பறவைக்குச் செவி ஏது என்று வினவும் நாளைய மாணாக்கனுக்கு ஆசிரியன் காட்டத்தக்க சான்று வானில் இராது; ஏட்டில் எஞ்சும் சொல்லும் ஐயத்திற்கு உள்ளாகும். ஆதலின், எருவையைக் காத்தல் காட்டுத்துறையினர் கடமை மட்டும் அன்று. தொகைநூல்களைப் பயிற்றுவோர் கடமையும் ஆம்.