கூட்டரசின் பிணைப்பு: பேராக் வரலாறு காட்டும் சான்று

பல அரசுகள் இணைந்து அமைக்கும் கூட்டரசு எதனால் நிலைபெறுகின்றது என்னும் வினாவிற்குச் சட்டமும் படைவலிமையும் விடையாகக் கூறப்படுவதுண்டு. வருவாய்ப் பங்கீடும் உறுப்பு மாநிலத்தின் மதிப்பும் அவற்றினும் முதன்மையானவை என்பது நமது கருத்து. பேராக்கின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1895ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழிப் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டரசாயின. அவ்வொப்பந்தத்தின் இரு கூறுகள் நோக்கத்தக்கன. தேவையுற்ற மாநிலத்திற்கு ஏனையவை ஆளும் பொருளும் தந்து உதவ வேண்டும் என்பது ஒன்று. ஆட்சியாளர்களின் அதிகாரம் குறைக்கப்படாது என்பது மற்றொன்று. முன்னது நிறைவேறிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஈட்டிய வருவாய் கூட்டரசிற்குப் பெருந்துணையாயிற்று. 1903இல் பிறை முதல் சிரம்பான் வரை இருப்புப்பாதை இணைந்தது. பின்னதோ ஏட்டளவில் நின்றது. அதிகாரம் கோலாலம்பூரில் குவிந்தது. அதே 1903இல் அங்குக் கூடிய ஆட்சியாளர் மாநாட்டில், ஒவ்வொரு மாநிலத்தையும் அதன் அலுவலரே நிருவகித்தல் வேண்டும் எனப் பேராக் சுல்தான் இட்ரிஸ் வெளிப்படையாகவே வலியுறுத்தினார். மிகுதியாகக் கொடுத்த மாநிலத்தின் அரசரே இவ்வாறு குறைபட்டது வியப்பன்று. ஆயினும் அக்கூட்டரசு கலையவில்லை. பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் விலகும் வாய்ப்பு எம்மாநிலத்திற்கும் இருக்கவில்லை.

வாய்ப்பிருந்த இடங்களில் முடிவு வேறாயிற்று. 1958இல் அமைந்த மேற்கிந்தியக் கூட்டரசிற்குத் தொடக்கத்தில் வருமான வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. 1961இல் ஜமைக்கா மக்கள் விலக வாக்களித்தனர், மறு ஆண்டு அது கலைந்தது. 1963இல் புருணை மலேசியாவில் சேராமைக்கு எண்ணெய் வருவாயும் அதன் சுல்தானின் முறைவரிசையும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. பொருளும் மதிப்பும் ஒரே பேச்சுவார்த்தையில் தடையாக நின்றதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்ததில் இனஅரசியலுக்குப் பெரும்பங்கு உண்டு. வருவாய்ப் பங்கும் பொதுச் சந்தையும் பற்றிய பூசலை அதனால் மறந்துவிடலாகாது.

இப்பேரங்கள் எவற்றிலும் இருப்புப்பாதை அமைத்தோரும் பால்மரம் சீவியோரும் ஒரு தரப்பாக மதிக்கப்படவில்லை. 1946இன் மலாயன் யூனியன் பரந்த குடியுரிமையை முன்வைத்தது. ஆனால் சுல்தான்களின் இறைமையைப் பறித்தமையால் மலாய் மக்களின் எதிர்ப்புக்கு உள்ளாகி வீழ்ந்தது. 1948இன் மலாயாக் கூட்டரசு இறைமையை மீட்டது. குடியுரிமை விதிகளை இறுக்கியது. மாநிலங்களின் மதிப்பிற்குக் கொடுக்கப்பட்ட விலையில் ஒரு பகுதி தோட்டத் தமிழர் கணக்கில் எழுதப்பட்டது என்றே கூறவேண்டும். 1960களின் இறுதியில் வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது, குடியுரிமையற்ற தொழிலாளர் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது.

1957ஆம் ஆண்டு அரசமைப்பு நிலத்தை மாநிலத்திற்கும் கல்வியைக் கூட்டரசிற்கும் உரியதாக்கியது. ஈப்போவைச் சூழ்ந்த பழைய இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகும்போது, தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்று நிலம் மாநில அரசிடம் கேட்கப்பட வேண்டும். கட்டட நிதி கூட்டரசிடம் கேட்கப்பட வேண்டும். பள்ளி வாரியத்தார் ஒரே கோப்பை ஏந்தி ஈப்போவிற்கும் புத்ராஜெயாவிற்கும் நடப்பதைக் களஆய்வில் நாம் பலமுறை கண்டுள்ளோம்.