வக்கீல்களும் காவிய மாந்தரும்

தசரத சக்கரவர்த்தியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கைகேயியை விடுதலை செய்த பெருமை, தூத்துக்குடியிலும் மதுரையிலும் வக்கீலாகத் தொழில் நடத்திய நாவலர் சோமசுந்தர பாரதியாரைச் சேரும். 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்னும் அவரது நூலின் பெயரே ஒரு தீர்ப்பின் கடைசி வரி போல ஒலிக்கிறது. கைகேயியை மணந்துகொண்டபோதே அவள் தந்தையிடம் இராஜ்யத்தைப் பெண்ணுக்குரிய சுல்கமாகத் தசரதன் வாக்களித்திருந்தான் என்று, சித்திரகூடத்தில் இராமனே பரதனுக்குச் சொல்லுவதாக வான்மீகி முனிவர் வைத்திருக்கிறார். பிரசங்கிகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிற இந்தச் செய்தியில் ஓர் உடன்படிக்கை இருப்பதையும், அதைச் செய்தவனே பரதன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து மூத்த குமாரனுக்கு முடிசூட்ட நாள் குறித்ததையும் பொருத்திப் பார்ப்பதற்கு, பத்திரங்களைப் புரட்டிப் பழகிய ஒரு கண் வேண்டியிருந்தது.

இது தற்செயலான சம்பவம் என்று நான் நினைக்கவில்லை. காவிய பாத்திரங்களின் குணதோஷங்களை நிறுத்துப் பார்க்கும் வழக்கத்தைத் தமிழில் வேரூன்றச் செய்தவர்களின் பெயர்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால், அவர்களிற் பலர் சட்டம் பயின்றவர்களாக இருப்பது யாருக்கும் புலப்படும். வ.வே.சு. ஐயர் திருச்சியில் வழக்காடிவிட்டுப் பாரிஸ்டராகும் பொருட்டு லண்டனுக்குச் சென்றவர். பரீட்சையில் தேறியும் ராஜவிசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து அந்தப் பட்டத்தையே துறந்தவர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் சட்டப் பட்டம் பெற்றவர். அந்தத் தொழில் அவரைப் பிடித்துக்கொள்ளாதது தமிழ் செய்த பாக்கியம். ரா.பி. சேதுப்பிள்ளை திருநெல்வேலியில் வக்கீலாக இருந்து பின்னர் பேராசிரியரானவர். இவர்களுள் ஐயர் 1921ஆம் வருஷத்தில் 'தேசபக்தன்' பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காகச் சிறைவாசம் விதிக்கப்பெற்று, பல்லாரிச் சிறையில் இருந்தபடியே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரு நூல் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரின் காவியங்களை மட்டுமன்றி, வான்மீகியின் மூல நூலையே கம்பன் விஞ்சிவிட்டான் என்பது அவருடைய வாதம். தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு கைதி, உலக மகாகவிகளையெல்லாம் பிரதிவாதிகளாக அழைத்து ஒரு தமிழனுக்காக வழக்காடினார் என்பதை நினைக்கும்போது, அந்த முடிவோடு முற்றும் உடன்படாதவர்க்கும் மனம் இளகும்.

இதற்கு முன் நம் உரையாசிரியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்கள் சொல்லுக்குப் பொருள் கண்டார்கள், இலக்கணம் காட்டினார்கள், நச்சினார்க்கினியரைப்போல, செய்யுளில் எங்கோ நிற்கும் ஒரு சொல்லை வேறெங்கோ நிற்கும் சொல்லோடு முடிச்சுப் போட்டு, அதற்காக மறைமலையடிகளிடம் 1903ஆம் ஆண்டின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கண்டனமும் பெற்றார்கள். ஆனால், கோவலன் நல்லவனா தீயவனா என்று விசாரிப்பது தங்கள் வேலையென்று அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை. அடியார்க்கு நல்லார் மாதவியின் ஆடலுக்கு எத்தனையோ பக்கம் செலவிடுகிறார்; யாழின் நரம்புக்கும் குழலின் துளைக்கும் கணக்குச் சொல்லுகிறார்; அவள் நெஞ்சைப் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதை மு. வரதராசனார் போன்றவர்கள் நம் காலத்தில் வந்து எழுதவேண்டியதாயிற்று.

அகப்பொருளிலோ பாத்திரத்திற்குப் பெயரே கிடையாது. அன்பின் ஐந்திணையில் தலைவனையோ தலைவியையோ இன்னாரென்று சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. பெயரற்றவரிடம் குணாதிசயம் தேடுவது எப்படி என்று ஆங்கிலக் கல்வி பெற்ற மாணாக்கர் மலைக்கலாம். அதற்கு விடை, நாம் தேடாத இடத்தில், உவமவியலில் இருக்கிறது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளாகிய மரமும் மீனும் நண்டும் எருமையும் சொல்லாததைச் சொல்லி நிற்கும் உள்ளுறை உவமத்தை வகுத்த ஆசிரியர், யார் எதை உள்ளுறையாகச் சொல்லலாம் என்றும் ஓர் எல்லை கட்டினார். தலைவி பேசினால் அவள் அறிந்த பொருளையே கொண்டு பேசவேண்டும். தோழி, அந்த நிலத்தைக் கடந்த பொருளைக் கூறலாகாது. தலைவன் தன் அறிவின் வலிமை தோன்றப் பேசுவான். மற்றையோர்க்கு இந்த வரம்பு இல்லை. இளம்பூரணரும் பேராசிரியரும் உரை வகுத்த இந்தப் பகுதியைப் படிக்குந்தோறும் எனக்குச் சாட்சியச் சட்டமே நினைவுக்கு வருகிறது. தான் நேரில் அறிந்ததையன்றிப் பிறவற்றைச் சொல்லச் சாட்சிக்கு உரிமையில்லை என்பதுதானே அங்கும் விதி? வீட்டு முற்றத்துக்கு அப்பால் அதிகம் போயறியாத ஒரு பெண்ணின் வாயில் தூரதேசத்துக் கடலை வைத்தால், அங்கே உவமை சிறக்கலாம், பெண் மறைந்துவிடுவாள்.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் ஒரு பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் எனக் கேள்வியுற்று, தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி விடை சொல்லுகிறாள். அவனுடைய ஊரை வருணிக்கும் பாவனையில், வயலோரத்து மாமரத்தில் முதிர்ந்து தானே உதிர்ந்த கனியைப் பொய்கையிலுள்ள வாளைமீன் கவ்வும் காட்சி ஒன்றை முதலில் வைக்கிறாள். மீன் மரமேறிப் பழம் பறிக்கவில்லை. பழம்தான் நீரில் விழுந்தது. இதைவிடச் சாமர்த்தியமான எதிர்வாதத்தை எந்த நியாயஸ்தலத்திலும் கேட்டதில்லை. பிறகுதான், தன் வீட்டில் பெருமொழி பேசிய அவன் சொந்த வீட்டிற்போய், மனைவி ஆட்டியபடி கண்ணாடியிற் காணும் பாவைபோலக் கையும் காலும் தூக்குகிறான் என்று ஏளனம் வருகிறது. சில வரிகளில் மூன்று பேருடைய இயல்பும் வெளியாகிவிட்டது, ஒருவருக்கும் பெயரில்லை. இந்த நூலுக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரைகள் மறைந்துபோயின, 1937இல் உ.வே. சாமிநாதையரவர்கள் தாமே உரையெழுதிப் பதிப்பித்த பிறகே இத்தகைய நயங்கள் பலர் கைக்கு எளிதாக வந்தன.

அதற்குள் காலத்தின் ருசி வேறு திசையில் போய்விட்டது. 1939ஆம் ஆண்டில் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். வாலியை இராமன் மறைந்து நின்று எய்தது முறையா என்பது போன்ற விவகாரங்கள் ஆயிரக்கணக்கானவர் முன்னிலையில், இரு கட்சி வைத்து, நடுவர் அமர்த்தி, வாதிக்கப்பெற்றன. பட்டிமண்டபம் என்ற சொல் பழையதுதான். மகத மன்னன் சோழனுக்குக் கொடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் மண்டபம் அது. மணிமேகலையில் அதில் ஏறுவோர் சமயவாதிகள். அந்த ஆசனத்தில் இப்போது காவிய மாந்தர் வந்து ஏறினர். அ.ச. ஞானசம்பந்தனார் 'இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்' எழுதியபோது, பெருமையுடைய ஒருவன் தன் குறை ஒன்றினாலேயே வீழ்கிறான் என்ற மேலைநாட்டு அவலநாடகக் கொள்கையும் கூடவே வந்து அமர்ந்தது. 1943இல் விசாரணை முற்றிப் புத்தகமே கூண்டில் ஏறிற்று. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்ற வாதத்தில், சென்னையில் சி.என். அண்ணாதுரைக்கு எதிரே நின்றவர் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நின்றவர், கைகேயிக்காக வாதாடிய அதே பாரதியார். சென்னை விவாதம் நடந்த இடம் சட்டக் கல்லூரி. வேறெங்கே நடந்திருக்க முடியும்?

இந்த வழக்கறிஞர்களிடம் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கைகேயியைப் பெண்ணாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள் எல்லாரும் 'என்ன செய்தாள்' என்று விசாரித்தார்களேயன்றி, 'எந்த உவமையை எடுத்தாள்' என்று கேட்டவர் சிலரே. பாரதியார் தொல்காப்பியத்துக்கும் புத்துரை கண்டவர். அகத்திணையியல், புறத்திணையியல், மெய்ப்பாட்டியல் என மூன்று இயல்களுக்கு எழுதினார். உவமவியல் அவற்றுள் இல்லை. தலைவியின் வாய்மொழிக்கு எல்லை கட்டும் அந்தச் சூத்திரத்துக்கு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே தலைநரைத்த ஒரு வக்கீல் என்ன உரை எழுதியிருப்பார் என்று பார்க்க எனக்கு நெடுநாளாக ஆசை.