குழூஉக்குறி மங்கலமாகும் இடம்: போர்ச் செய்திவழி ஆங்கிலச் சொல் கற்றல்

அயல்நாட்டுப் படை நடவடிக்கைகள் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வாசித்தால் ஆங்கிலச் சொல்வளம் பெருகும் என்பது ஆசிரியர்கள் பலரும் கண்டறிந்த உண்மை. ஒரே பொருள் பற்றித் தொடர்ந்து வாசிப்பவருக்குச் சொற்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டு மனத்தில் படியும் என்று மொழிகற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் 1981இல் வாதிட்டார். செய்தித்தாளைத் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் தந்த கணக்கு. அத்தனை பெரிய மலையின் ஒரு சரிவிலாவது போர்ச் செய்தி விரைவில் ஏற்றிவிடுகிறது. ‘ட்ரூப்ஸ்’, ‘சீஸ்ஃபயர்’, ‘ரிட்ரீட்’ ஆகியவை வாரக்கணக்கில் நாள்தோறும் வருகின்றன. பக்கத்திலேயே வரைபடமும் படமும் இருப்பதால் பொருளும் ஓரளவு பிடிபடுகிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. கற்பவரிடம் எந்தச் சொல் முதலில் வந்து சேர்கிறது என்பதே என் கேள்வி.

இதை ஆராய நம் இலக்கண மரபிலேயே கருவி உண்டு. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. முன்னது ஊரறிய ஒரு கொடுமையை மெதுவாகச் சொல்வது. பின்னது ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பேசிக்கொள்வது. படைத்துறை ஆங்கிலத்தில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. தளபதிகளின் குழூஉக்குறி, செய்தியாளர் கூட்டத்தைக் கடந்து வெளியே வரும்போது மங்கலச் சொல்லாக மாறிவிடுகிறது.

1991 வளைகுடாப் போர் இதற்குத் தெளிவான சான்று. ஜனவரி 17 அதிகாலை பாக்தாத் மீது குண்டுவீச்சு தொடங்கியதை அல் ரஷீத் ஓட்டலிலிருந்து சி.என்.என். செய்தியாளர்கள் நேரடியாக விவரித்தார்கள். ஒரு போர் விமானம் ஒருமுறை பறந்து திரும்புவதைக் குறிக்கும் ‘சார்ட்டி’, அறுவை மருத்துவத்தின் நுட்பத்தைக் குண்டுக்கு ஏற்றிச் சொல்லும் ‘சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’ போன்ற சொற்கள் அந்தச் சில வாரங்களில் உலகெங்கும் பரவின. பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா காப்பிடத்தின் மீது லேசர் வழிகாட்டும் குண்டுகள் இரண்டு விழுந்தன. உள்ளே இருந்த 400க்கும் மேற்பட்ட குடிமக்கள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது படைக் கட்டளை மையம் என்றே தாம் கருதியதாக அமெரிக்கத் தரப்பு கூறியது. இத்தகைய சாவுகளுக்குப் படைத்துறை வைத்திருந்த பெயர் ‘கொலேட்டரல் டேமேஜ்’.

ஒரு மாணவர் இத்தொடரை அகராதியில் தேடுவதை எண்ணிப் பாருங்கள். ‘கொலேட்டரல்’ என்றால் வங்கிக் கடனுக்கு வைக்கும் ஈடு என்றும், பக்கவாட்டில் அமைந்தது என்றும் இருக்கும். ‘டேமேஜ்’ என்றால் சேதம். இரண்டையும் கூட்டினால் ஏதோ கட்டடத்தின் பக்கச் சுவர் இடிந்தது போலத்தான் தோன்றும். ‘ஃப்ரெண்ட்லி ஃபயர்’ இன்னும் கடினமானது. நட்பு என்னும் சொல்லுக்குள் சாவு இருப்பதை யார் ஊகிப்பார்? அந்தப் போரில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் 148 பேரில் 35 பேர் தம் தரப்பின் சூட்டிலேயே மடிந்தவர்கள்.

இங்கேதான் தாய்மொழியாளருக்கும் கற்பவருக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. துஞ்சினார் என்று கேட்கும் தமிழர் எவரும் அவர் தூங்குகிறார் என்று எண்ணிக் காத்திருப்பதில்லை. செத்தார் என்ற சொல் அவரிடம் முன்பே இருப்பதால், மங்கலத்துக்குப் பின்னால் நிற்கும் சாவை அவர் காண்கிறார். ஆங்கிலம் கற்பவரிடம் அந்த வெறுஞ்சொல் அந்த இடத்தில் இல்லை. அவருக்கு மங்கலமே முதற்சொல். போர்த்திய துணியையே உடல் என்று அவர் கற்றுக்கொள்கிறார். தாய்மொழியாளரும் ஏமாறுவதுண்டு, ஆனால் அவர்களுள் எதிர்த்துக் கேட்பவர்களும் எழுகிறார்கள். நேட்டோ யூகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டுவீசிய 1999ஆம் ஆண்டில், ‘கொலேட்டரல் டேமேஜ்’ என்பதன் ஜெர்மன் வடிவத்தை ஜெர்மனியின் மொழியறிஞர் குழு ஒன்று ஆண்டின் தகாச் சொல்லாக அறிவித்தது.

மங்கலத்தோடு வெறுஞ்சொல்லையும் சேர்த்துக் கற்க 2022 உக்ரைன் போர் ஒரு வாய்ப்பைத் தந்தது. ரஷ்யா அதற்கு இட்ட பெயர் ‘சிறப்பு இராணுவ நடவடிக்கை’. படை பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று மார்ச் 4 அன்று அங்கே சட்டமும் வந்தது. ஆங்கில ஏடுகள் அப்பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, அருகிலேயே ‘இன்வேஷன்’ என்று எழுதின. கற்பவருக்கு அந்த மேற்கோள் குறியே ஆசிரியர். ஆனால் தம் நாட்டுப் படையோ நட்பு நாட்டுப் படையோ தரும் பெயர்களுக்கு அவ்வேடுகள் அக்குறியை அதே தாராளத்துடன் இடுவதில்லை.

நம் நாளிதழ்களும் விலக்கல்ல. ‘வான்தாக்குதலில் 20 பேர் பலி’ என்ற தலைப்பில் கொன்றவர் இல்லை; பலி என்ற சொல் வேள்வியின் சாயலையும் சேர்த்துக்கொள்கிறது.

மாற்று வழி புதிதன்று. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ ஏறத்தாழ 1,500 அடிப்படைச் சொற்களுக்குள் செய்தி சொல்லியது. ‘கில்’, ‘பாம்’, ‘இன்வேட்’, ‘ரெஃப்யூஜி’ அந்தப் பட்டியலில் உண்டு. அது அமெரிக்க அரசின் வானொலிதான். எதைச் செய்தியாக்குவது என்ற தேர்வில் சார்பு இருக்கலாம். ஆயினும் சொல் குறைந்தபோது ஒளிந்துகொள்ளும் இடமும் குறைந்தது.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போரிடமும் வகுப்பறையில் நிற்போரிடமும் ஒன்று கேட்கிறேன். போர்ச் செய்தியைப் பாடமாக்குங்கள். அதிலிருந்து எடுக்கும் படைத்துறைச் சொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது குறிக்கும் செயலின் வெறுஞ்சொல்லையும், செய்தவரையும், செய்யப்பட்டவரையும் மாணவரையே எழுத வையுங்கள். தேர்வில் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.